இடது குழலில் செவ்வந்தி

அத்தியாயம் ஆறு

1994ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்குச் சற்று முன்னர், ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் உள்ள ஒரு காட்டில், பாலகிருஷ்ணன் என்ற கணக்காளரின் பின்புறத்தில் ஒரு வேட்டைத் துவக்கின் ஈயச் சன்னங்கள் பாய்ந்தன.

பதினேழாம் திகதி, அவரோடு காட்டுக்குப் போயிருந்த அகஸ்ரின் மீது வழக்குப் பதிவானது. இருபத்துநான்காம் திகதி அவருடைய அக்கா மக்டலீன், கென்னடி வீதியில் வீடியோக் கடைக்கு மேலே இருக்கும் கிளடிஸின் அலுவலகத்துக்கு ஏறி வந்தார்.

கிளடிஸ் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, இப்போது தனியே துப்பறிகிறார். சிரிப்பது குறைவு. அந்தக் குறையை அவருடைய உதவியாளர் இரத்தினவேல் நிரப்பிவந்தார். இரத்தினவேல் ரக்சி ஓட்டுநர். துப்பறியும் வேலைக்கு ஓடும்போதும் மீற்றர் போடவேண்டும் என்பது அவருடைய நீண்டகாலக் கோரிக்கை. அது இன்னும் பரிசீலனையில் இருந்தது.

மக்டலீன் சொன்ன விவரம் சுருக்கமானது. தம்பி அகஸ்ரின், சிவபாதம் என்பவரின் பலசரக்குக் கடையில் வேலை செய்கிறான். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. நிரந்தர வதிவிடப் பத்திரத்துக்குக் காத்திருக்கிறான். அது வந்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். கவனக்குறைவாகத் துவக்கைப் பாவித்தான் என்று தீர்ப்பானால் பத்திரம் நின்றுவிடும் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். வழக்கு வருகிற வியாழக்கிழமை. தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான்.

“ஏன் ஒப்புக்கொள்ளுறார்?” என்று கிளடிஸ் கேட்டார்.

“தான்தான் செய்தது எண்டு நினைக்கிறான்.”

அன்று மாலையே அகஸ்ரினைப் பார்த்தார்கள். முதலாளி இல்லாத நேரம், கடையின் பின்பக்கத்தில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினார். காட்டுக்குப் போனது மூன்று பேர்: முதலாளி சிவபாதம், கடைக்குக் கணக்குப் பார்க்கும் பாலகிருஷ்ணன், அகஸ்ரின். கடைக்குப் பருப்பு கொடுக்கும் மொத்த வியாபாரி ஒரு வெள்ளைக்காரர், பறவை வேட்டைக்காரர். அவருடைய காணி அது. போய்ச் சுடுங்கள் என்று இடத்தைக் கொடுத்திருந்தார். அகஸ்ரினிடம் அவரே இரவல் கொடுத்த நீண்ட ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. சிவபாதத்திடம் ஓகஸ்ட் மாதம் வாங்கிய பழைய இரட்டைக்குழல். பாலகிருஷ்ணனிடம் கோப்பிப் போத்தல்.

பற்றைக்குள்ளிருந்து ஒரு கிறவுஸ் எழும்பியது. கௌதாரி மாதிரி, கொஞ்சம் பெரிது. அகஸ்ரின் சுட்டார். பறவை போய்விட்டது. உடனே எங்கோ வலப்பக்கத்தில் பாலகிருஷ்ணன் கத்தினார்.

“வேறை ஆர் சுட்டது? சிவபாதம் அண்ணை வெள்ளிக்கிழமை நுளம்பும் அடிக்கமாட்டார். நான் பொலிசுக்கும் அதைத்தான் சொன்னனான்.”

ஒரு வெடிதான் கேட்டதா என்று கிளடிஸ் விசாரித்தார். ஒன்றுதான், அதன் எதிரொலி ஏரிப் பக்கமிருந்து வந்தது, அது வெடியைவிடப் பலமாகக் கேட்டது என்றார் அகஸ்ரின்.

கிளடிஸ் கொஞ்ச நேரம் வெங்காய மூட்டையைப் பார்த்தார். “எதிரொலி சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். கூட்டிச் சொல்லாது.”

“எங்கட ஆக்களைப் போலை இல்லை,” என்றார் இரத்தினவேல்.

செவ்வாய்க்கிழமை காலை பாலகிருஷ்ணனைச் சந்தித்தார்கள். மதுரைக்காரர். அலுவலகத்தில் நாற்காலியை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, கோப்பு அலுமாரியின் மேல் தாள்களைப் பரப்பி நின்றபடியே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சுவரில் சிவபாதத்தின் கடை இலவசமாகக் கொடுக்கும் நாள்காட்டி தொங்கியது. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அச்சடித்தது.

தனக்கு யார்மீதும் கோபமில்லை என்றார் பாலகிருஷ்ணன். டொக்டர் பெரும்பாலான சன்னங்களை எடுத்துவிட்டார். இரண்டை அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். ஒரேயொரு வேண்டுகோள், இந்தக் கதை கலியாண வீடுகளுக்குப் போகக்கூடாது. ஏற்கனவே போய்விட்டது என்பதை இரத்தினவேல் சொல்லவில்லை.

“நான் சீடர் மரத்துக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். எதுக்குன்னு கேக்காதீங்க. கோட்டைக் கழட்டிப் பக்கத்துக் கிளையில மாட்டியிருந்தேன். ஃபிளாஸ்க் இந்தப் பக்கம் ஒரு கட்டை மேல இருந்துச்சு. அப்போதான் வந்து விழுந்துச்சு.”

கோட்டையும் ஃபிளாஸ்கையும் வைத்திருந்தார். கோட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளைகள். ஃபிளாஸ்கில் ஒரு நெளிவு. அன்று இருந்த மாதிரியே இருக்கச் சொன்னார் கிளடிஸ். அது மட்டும் முடியாது என்று பாலகிருஷ்ணன் கண்ணியமாக மறுத்தார். அதனால் அவருடைய இடத்தில் குப்பைக்கூடையை வைத்தார்கள். அவர் சொன்ன தூரத்தில் இரத்தினவேல் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, மறுபக்கம் ஃபிளாஸ்க் வைக்கப்பட்டது. கோட்டின் ஓரத் துளையிலிருந்து ஃபிளாஸ்கின் நெளிவு வரை, அந்த அறைக் கதவின் அகலத்தைவிட அதிகம். அத்தனை அகலத்துக்கும் ஒரே வெடியின் சன்னங்கள் பரவியிருந்தன.

வெளியே வரும்போது கிளடிஸ் சாதாரணமாகக் கேட்டார், அன்று காலை ஏதாவது புதுமையாக இருந்ததா என்று. ஒன்றுமில்லை என்றார் பாலகிருஷ்ணன். பிறகு யோசித்துச் சொன்னார்:

“சிவபாதம் சார்தான் வழியெல்லாம் அவசரப்படுத்தினாரு. பத்தரைக்குள்ள போயாகணும், பத்தரைக்குள்ள போயாகணும்னு. சுடப் போறதில்லை, சும்மா பாக்கத்தான் வர்றேன்னு சொன்ன மனுஷன். பறவைக்கு என்ன, ஆபீஸ் நேரமா?”

சிவபாதத்தின் கடை வாசலில் ஒரு விளம்பரப் பலகை இருந்தது. வாடகைக்கு நிலவறை, வீணை வகுப்பு, தீபாவளிக் கலைவிழா, அதற்குக் கீழே புதிதாக ஒரு துண்டு: இரட்டைக்குழல் துவக்கு விற்பனைக்கு. இங்கிலாந்தில் செய்தது. பாவித்தது. பறவை வேட்டைக்கு உகந்தது. ஒருமுறையும் சுடப்படவில்லை.

இரத்தினவேல் இருமுறை வாசித்தார். “பாவிச்சதாம். சுடேல்லையாம். முந்தின சொந்தக்காரன் ஊன்றுகோலாப் பாவிச்சிருப்பான்.”

ஓகஸ்டில் வாங்கியதை ஒக்ரோபரில் ஏன் விற்கிறார் என்பதுதான் கிளடிஸின் கேள்வி. துவக்கைப் பார்க்கவேண்டும். அதை எடுத்துவரச் சொல்லக் கிளடிஸுக்கு அதிகாரம் இல்லை. வாங்க வருகிறவருக்கு யாரும் காட்டுவார்கள். ஆனால் வாங்க வருகிறவருக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

அன்று பின்னேரம் பார்க்டேலுக்கு மேற்கே ஒரு கடைக்குப் போனார்கள். பழைய துவக்குகள் மட்டும் விற்கும் இடம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். வாழ்நாள் முழுக்கச் சுட்டதில் காது பாதி போயிருந்தது. அதனால் எல்லாவற்றையும் உரத்தே சொன்னார். புடைவையோடு வந்த பெண்மணிக்கும் ரக்சிக்காரருக்கும் எதற்கு இரட்டைக்குழல் என்று அவர் கேட்கவில்லை. விற்பனையாகாவிட்டாலும் கேட்க ஆள் கிடைத்தால் போதும் என்ற வகை.

ஒரு துவக்கைக் கழற்றி அவர் முறையைக் காட்டினார். முதலில் மேலே உள்ள நெம்பைப் பார். அதைத் தள்ளினால் துவக்கு நடுவில் மடிந்து திறக்கும். மூடிய நிலையில் நெம்பு வலப்பக்கம் சாய்ந்து நின்றால் துவக்கு இன்னும் இளமை. நேரே நின்றால் நன்றாக உழைத்திருக்கிறது. இடப்பக்கம் தாண்டியிருந்தால் காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்.

“இது மைல் மீற்றர்,” என்று இரத்தினவேல் தமிழில் முணுமுணுத்தார். “திருப்பி விடவும் ஏலாது. ரொயோட்டாக்காரன் இதைப் படிக்கவேணும்.”

அடுத்தது, குழல்களைத் தனியே கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டவேண்டும். மணிபோல் ஒலித்தால் இரண்டு குழல்களையும் சேர்த்திருக்கும் ஈயப்பற்று நன்றாக இருக்கிறது. பழைய தகரம்போல் ஒலித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. பிறகு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் குழல்களுக்குள்ளே பார்க்கவேண்டும். துரு, பள்ளம், அடைப்பு. அடைப்பு இருக்கும் குழலில் சுட்டால் குழல் வெடிக்கும் என்று இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு விசைகள் ஏன் என்று கிளடிஸ் கேட்டார். கடைக்காரர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. காட்டில் பறவை காலடியில் எழும்பும். முதல் வெடி கிட்டத்தில். அதனால் வலது குழலின் வாய் அகலம், சன்னம் விரிந்து போகும். பறவை தப்பினால் இரண்டாவது வெடி தூரத்தில். அதனால் இடது குழலின் வாய் ஒடுக்கம், சன்னம் சேர்ந்து போகும். ஒற்றைக்குழல் நீண்ட துவக்குகள் வாத்துக்குச் செய்தவை, அவற்றின் வாயும் ஒடுக்கம்தான்.

சுவரில் இரண்டு பெரிய கடதாசிகள் ஒட்டியிருந்தன. ஒரே தூரத்திலிருந்து இரண்டு குழல்களாலும் சுட்டுப் பார்த்தவை. ஒன்றில் துளைகள் நடுவில் நெருங்கிக் குவிந்திருந்தன. மற்றதில் எங்கும் சிதறியிருந்தன.

“எள்ளுருண்டை,” என்றார் இரத்தினவேல் முதலாவதைக் காட்டி. மற்றதைக் காட்டி, “எள்ளுச்சோறு.”

பாலகிருஷ்ணனுக்குக் கிடைத்தது எள்ளுச்சோறு. அகஸ்ரினிடம் இருந்தது எள்ளுருண்டைத் துவக்கு. அந்த ஒடுங்கிய குழலிலிருந்து சன்னம் கதவகலத்துக்கு விரியவேண்டுமானால் எவ்வளவு தூரத்திலிருந்து சுடவேண்டும் என்று கிளடிஸ் கேட்டார். அவ்வளவு தூரம் போனால் சன்னம் களைத்துவிடும், தடித்த காற்சட்டையைத் துளைக்காது என்றார் கடைக்காரர்.

ரக்சியில் ஏறியதும் இரத்தினவேல் உற்சாகமானார். ஆள் சிவபாதம்தான், நேரே பொலிசுக்குப் போவோம் என்றார். கிளடிஸ் தலையசைத்தார். பொலிசிடம் போய் எள்ளுச்சோறு என்று சொல்ல முடியாது. தவிர, ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சிவபாதம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கிறவர். வெள்ளிக்கிழமை முட்டை போட்ட கேக்கும் தொடாதவர். அப்படிப்பட்டவர் அன்று ஏன் ஒரு பறவையைச் சுடுகிறார்?

“உங்களுக்கும் வெள்ளியிலை மச்ச மாமிசம் இல்லைத்தானே அக்கா?”

“மீன் சாப்பிடலாம்,” என்றார் கிளடிஸ். “முன்னாலை பார்த்து ஓட்டுங்கோ, வெளிச்சம் சிவப்பு.”

புதன்கிழமை பதினொன்றரைக்கு டோர்செட் பார்க்கில் சிவபாதத்தின் அடுக்குமாடிக்குப் போனார்கள். மறுநாள் வழக்கு. இரத்தினவேல் வாங்க வந்தவர், கிளடிஸ் மொன்றியலில் இருந்து வந்த மச்சாள். சிவபாதத்துக்குக் கிளடிஸைத் தெரியாது. கிளடிஸ் மீன் வாங்குவது வேறு கடையில்.

சிவபாதம் ஐம்பது வயதுக்காரர். நெற்றியில் மூன்று குறித் திருநீறு, வாயில் துவக்கு அனுமதிப் பத்திரம் எங்கே என்ற கேள்வி. விண்ணப்பித்திருப்பதாக இரத்தினவேல் சொன்னார். பார்ப்பதற்குப் பத்திரம் தேவையில்லை என்பதால் சிவபாதம் பூட்டிய அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நடந்த காரியத்துக்குப் பிறகு துவக்கைக் கண்டாலே மனம் சரியில்லை என்றார். பாவம் அந்தப் பெடியன் அகஸ்ரின், சட்டத்தரணிக்குத் தானே காசு கட்டுவதாகவும் சொன்னார். குரலில் கவலை உண்மையாகவே இருந்தது.

இரத்தினவேல் முதல்நாள் பாடத்தை ஒப்பித்தார். நெம்பைப் பார்த்தார். வலப்பக்கம் நின்றது. “இளமைதான்,” என்றார். குழல்களைக் கழற்றி விரலில் தொங்கவிட்டுத் தட்டினார். மணிபோல ஒலித்தது. சிவபாதத்தின் முகத்தில் மரியாதை தெரிந்தது. அவர் வாங்கும்போது இவை ஒன்றும் பார்த்திருக்கவில்லை. மனைவி மங்கையற்கரசி தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தையல் மெசினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

இரத்தினவேல் குழல்களை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றக் கண்ணை மூடினார்.

“அண்ணை,” என்றார், “உங்கட துவக்குக்கு இடது கண்ணிலை பூ விழுந்திருக்கு.”

சிவபாதம் அதைச் சரக்கைக் குறைசொல்லி விலை பேசும் தந்திரமாக எடுத்துக்கொண்டார். கிளடிஸ் குழல்களை வாங்கிப் பார்த்தார். வலது குழல் கண்ணாடிபோலப் பளபளத்தது. எண்ணெய் மணந்தது. இடது குழலில் மெல்லிய தூசி. வாய்க்குச் சற்று உள்ளே, ஒடுங்கும் இடத்தில், மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. கிளடிஸ் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து உள்ளே விட்டுக் கிளறினார். வாடிய இதழ்கள் வந்தன. அவற்றைத் தேத்தண்ணிச் சோசரில் வைத்தார்.

மங்கையற்கரசி எட்டிப் பார்த்தார். “உது நான் வைச்ச செவ்வந்தியெல்லே. சரஸ்வதி பூசைக்கு.”

நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தோம் என்று அவர் விளக்கினார். மகளின் புத்தகங்கள், தையல் மெசின், கடையிலிருந்து கொண்டுவந்த காசுப்பெட்டி, புதிதாக வந்த துவக்கு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. துவக்கில் பூ எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயிலேயே செருகினேன். ரெண்டு வாய்க்கும் ஒவ்வொன்று.

“வலது பக்கத்துப் பூ எங்கை?” என்று கிளடிஸ் சிவபாதத்தைக் கேட்டார்.

விழுந்திருக்கும் என்றார் சிவபாதம்.

“ஒரு குழலை மட்டும் ஏன் துடைச்சனீங்கள்?”

“தூசி.”

“இடதிலையும் தூசி இருக்கு.”

சிவபாதம் எழுந்து குழல்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நீங்கள் துவக்கு வாங்க வந்தவர்களா, வேறு எதற்கும் வந்தவர்களா என்று கேட்டார். கிளடிஸ் தன் பெயரையும் தொழிலையும், யாருக்காக வந்தார் என்பதையும் சொன்னார். சிவபாதம் உட்கார்ந்தார். அன்று வெள்ளிக்கிழமை, தான் ஒரு சைவன், எந்த உயிருக்கும் துவக்கு நீட்டவில்லை, எந்தக் கோயிலிலும் வந்து சொல்லுவேன் என்றார்.

கிளடிஸ் அதை நம்பினார். அதுதான் அவருடைய சங்கடம். பறவைக்குச் சுடப் போகிறவன் இரண்டு குழலிலும் தோட்டா போடுவான். இவர் இடது குழலைத் தொடக்கூட இல்லை, பூவே சாட்சி. ஒரே ஒரு தோட்டா, வலது குழலில் மட்டும். வேட்டைக்கு வந்தவன் செய்கிற காரியம் அல்ல அது. வேறு எதற்கு ஒருவன் காட்டுக்குப் போய் ஒரு தடவை மட்டும் சுடுவான்? கணிதத்தில் விடை வராவிட்டால் கேள்வியில் ஏதோ விடுபட்டிருக்கும். கிளடிஸ் கத்தோலிக்கப் பெண். அவருக்கு எது விடுபட்டது என்று தெரியவில்லை.

இரத்தினவேல் வடையைக் கடித்தபடி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலகிருஷ்ணனின் அலுவலகத்தில் தொங்கிய அதே நாள்காட்டி. வடையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மங்கையற்கரசியைக் கேட்டார்:

“அக்கா, பதினாலாந் திகதி விஜயதசமியெல்லே. பூசையிலை வைச்ச சாமானையெல்லாம் எடுத்துத் தொடக்கினனீங்களோ?”

“தொடக்காமல்? பிள்ளை ஒரு பாடம் வாசிச்சவள். காசுப்பெட்டிக்கு ஒரு ரூபாய்க் குற்றி போட்டம். நான் இந்த மெசினிலை அகஸ்ரின்ரை பிள்ளைக்குச் சட்டை வெட்டி ஒரு தையல் ஓடினனான். கொழும்புக்கு அனுப்ப. அண்டைக்குத் தொட்டுப் பாவிக்காட்டி வருசம் முழுக்கச் சும்மா கிடக்குமெல்லே.”

“துவக்கு?”

“துவக்கை வீட்டிலை வைச்சுத் தொடக்கேலுமே? அதுக்குத்தானே காட்டுக்குப் போனவர். ராகு காலத்துக்கு முன்னம், கிழக்கை பாத்து, வலதாலை ஒரு வெடி. பின்னேரம் வந்து சொன்னவர், நேரத்துக்குச் செய்தாச்சு எண்டு.”

சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் தன் கணவரைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

சிவபாதம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. சுடப் போவதில்லை என்று மற்ற இருவருக்கும் சொல்லிவிட்டதால், தனியாகச் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும். நேரம் நெருங்கியது. அப்போது அகஸ்ரினின் வெடி கேட்டது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக வைத்துவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று முன்விசையை இழுத்தார். பறவைக்கு அல்ல. கிழக்கே ஒரு சீடர் மரம் நின்றது, அதற்கு.

“பாலா அங்கை நிண்டதை நான் காணேல்லை.”

“நிக்கேல்லை அண்ணை,” என்றார் இரத்தினவேல். “இருந்தவர்.”

ஏன் சொல்லவில்லை என்று கிளடிஸ் கேட்டார். முதலில் வெட்கம் என்றார் சிவபாதம். விஜயதசமி வெள்ளியில் ஒரு சைவன் நல்ல நேரம் பார்த்துக் கணக்காளரைச் சுட்டான் என்றால் ஸ்காபரோத் தமிழர் எல்லாரும் சிரிப்பார்கள். பாலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபிறகு சொல்லலாம் என்று இருந்தார். அதற்குள் அகஸ்ரின் தானாகவே நான்தான் என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டான். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கடினமாக இருந்தது. துவக்கு வீட்டில் இல்லாவிட்டால் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று பார்த்தார்.

“நாளைக்கு அகஸ்ரின் கோர்ட்டிலை ஒப்புக்கொள்ளுவார்,” என்றார் கிளடிஸ். “அதுக்குப் பிறகு நீங்கள் சொன்னாலும் பேப்பர் திரும்பி வர வருசக்கணக்காகும்.”

மங்கையற்கரசி தையல் மெசினில் பாதி தைத்துக் கிடந்த சட்டையை எடுத்தார். மஞ்சள் துணி, கையில் சிறிய பூவேலை. அதைக் கணவரின் மடியில் வைத்தார்.

“இதை நான் ஆருக்குத் தைக்கிறன்? அந்தப் பிள்ளை வராட்டி இதை ஆருக்குப் போடுறது?”

சிவபாதம் சட்டையைப் பார்த்தார். சோசரில் கிடந்த இதழ்களைப் பார்த்தார். கோட்டை எடுக்க எழுந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நின்றார். பன்னிரண்டு பத்து.

“இப்ப ராகு காலம்,” என்றார். “ஒண்டரைக்குப் போவம்.”

இரத்தினவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிளடிஸ் கையை உயர்த்தித் தடுத்தார். மங்கையற்கரசி நாள்காட்டிக்குக் கிட்டப் போய் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, இன்னொரு தேத்தண்ணி ஊற்றினார். நால்வரும் காத்திருந்தார்கள். துவக்கு மேசையில் திறந்தபடி கிடந்தது. மங்கையற்கரசி மெசினுக்குப் போய்ச் சட்டையின் மற்றக் கையைத் தைத்து முடித்தார்.

ஒன்றரை ஆனதும் சிவபாதம் வலது காலை முன்வைத்து வீட்டைவிட்டு இறங்கினார். பொலிஸ் நிலையத்துக்கு இரத்தினவேலின் ரக்சியில் போனார்கள்.

வியாழக்கிழமை அகஸ்ரினின் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. சிவபாதம் ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் விதித்தார்கள். ஐந்து வருடம் துவக்கு வைத்திருக்கத் தடை. இரட்டைக்குழலை அரசு எடுத்துக்கொண்டது. பாலகிருஷ்ணன் இன்னும் அவருக்குத்தான் கணக்குப் பார்க்கிறார், இப்போது உட்கார்ந்து.

அகஸ்ரினின் பத்திரம் ஏப்ரலில் வந்தது. அதற்கடுத்த வருடம் ஜூன் மாதம் மனைவியும் மகளும் ரொறன்ரோவில் வந்திறங்கினார்கள். மகள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். அது அவளுக்குச் சிறுத்துவிட்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து அவர்களை இரத்தினவேல் ஏற்றிவந்தார். மீற்றர் போடவில்லை.